எஸ்பெரான்சாவா, ஆன்மரீயா, லாராவா: எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு எந்த நாவல்?

எங்கள் வாசிப்பு வட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குத்தான் கூடும். சனிக்கிழமை முழுக்க டியூஷன், ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு. பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அந்த இரண்டு மணி நேரம். இடம், இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபம். தரம் 6 முதல் 9 வரை இருபத்திரண்டு பேர். மழை பிடித்தால் பதினைந்தாகும்.

இவ்வளவு நாளும் சிறுகதையும் நாட்டார் கதையுமாக ஓட்டினோம். இந்த முறை ஒரு முழு நாவலை எடுத்து, பன்னிரண்டு ஞாயிறு அதோடு இருந்து பார்ப்பது என்று முடிவு. வரலாற்று நாவலாக இருக்கட்டும், கஷ்ட காலத்தில் ஒரு பிள்ளை எப்படித் தாக்குப்பிடித்தது என்று சொல்லட்டும் என்று கேட்டவர்கள் பெற்றோர்தான். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருஷம் என்று 2023இல் ‘மலையகம் 200’ கூட்டம் ஊரெல்லாம் நடந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனபோது, வரலாறு என்ற சொல் பிள்ளைகளின் காதில் நிறைய விழுந்தது. எல்லாம் மைக்கில் விழுந்தது.

கைக்கு வந்தவை மூன்று. லோயிஸ் லோரி எழுதிய ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ (1989), லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘த லாங் விண்டர்’ (1940), பாம் முன்யோஸ் ராயனின் ‘எஸ்பெரான்சா ரைசிங்’ (2000). என் கையில் இருந்த மூன்று பிரதியும் ஆங்கிலம். சனி இரவு உட்கார்ந்து அடுத்த நாளுக்கான பகுதியை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டு போய், மண்டபத்தில் வாசிப்பேன். கதை ஓடுகிற இடத்தில் கொப்பியை மூடிவிட்டுச் சொல்லுவேன். ஆகவே பக்கக் கணக்கு எனக்கு முக்கியம். லோரியின் புத்தகம் நூற்றைம்பது பக்கம்கூட இல்லை, 17 அத்தியாயம். ராயனுடையது இருநூற்றைம்பதைத் தாண்டும். வைல்டருடையது அதைவிடவும் பெரிது.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஞாயிறு கொடுத்தேன். தொடக்கமும், நடுவிலிருந்து ஒன்றிரண்டு காட்சிகளும். முதல் ஞாயிறு ஒரு பிழை விட்டேன். வாசித்து முடித்ததும் தாள் கொடுத்து, ‘இந்தக் கதையிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?’ என்று கேட்டு எழுதச் சொன்னேன். இருபத்திரண்டு தாளிலும் கிட்டத்தட்ட ஒரே வரி: ‘கஷ்டப்பட்டால் வாழ்க்கையில் முன்னேறலாம்.’ கதையைக் கேட்காமலே எழுதியிருக்கலாம். பரீட்சைக்குப் பழகிய கை, வேறு எதை எழுதும்? அதற்குப் பிறகு தாள் கொடுக்கவில்லை. வாசித்தேன், பேசவிட்டேன், அவர்கள் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். கீழே வருவது அந்தக் கொப்பியிலிருந்து.

முதலில் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’. 1943, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம். ஜெர்மன் படை பிடித்து வைத்திருக்கும் ஊரில் பத்து வயது ஆன்மரீ, அவளுடைய யூதத் தோழி எலன். யூதர்களைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எலனைத் தங்கள் மகள் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்கிறது ஆன்மரீயின் குடும்பம். நள்ளிரவில் சிப்பாய்கள் கதவைத் தட்டும்போது எலனின் கழுத்தில் யூதரின் அடையாளமான நட்சத்திரம் கோத்த சங்கிலி கிடக்கிறது. கழற்ற நேரமில்லை. ஆன்மரீ பிடித்து இழுத்து, அறுத்து, உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொள்கிறாள். சிப்பாய்கள் போன பிறகு பார்த்தால் நட்சத்திரத்தின் தடம் அவள் கையில் பதிந்திருக்கிறது. அந்த இடத்தில் மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. ஒரு பையன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

விறுவிறுப்பு என்று பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். நாய்களின் மோப்பத்தைக் கெடுக்கிற கைக்குட்டை வரும் இடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நடந்த வரலாறும் உறுதியானது: டென்மார்க்கின் யூதர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றப்பட்டார்கள்.

சரி, பிறகென்ன தயக்கம்? இரண்டாவது ஞாயிறு ஒரு தரம் 8 பிள்ளை சொன்னாள்: “அக்கா, எங்க தாத்தாவையும் இப்படித்தான் ஒரு சிங்கள வீட்டுல ரெண்டு நாள் ஒளிச்சு வச்சாங்களாம்.” எந்த வருஷம் என்று அவளுக்குத் தெரியவில்லை. 1977, 1981, 1983 என்று கலவரங்கள் மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை, எதுவாகவும் இருக்கலாம். அவள் சொல்லி முடித்ததும் நான் சும்மா ஒரு கேள்வி போட்டேன்: இந்தக் கதையில் நீங்கள் யார்? ஆன்மரீ என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாருமே எலன். நாவலோ ஆன்மரீயின் தோளில் ஏறிப் போகிறது. எலன் படகேறிப் போய்விடுகிறாள். போர் முடிந்து அவள் திரும்பி வருவதைப் புத்தகம் காட்டுவதில்லை. சங்கிலியைத் திருத்தி, தோழி வரும்வரை நான் போட்டிருப்பேன் என்று ஆன்மரீ சொல்வதோடு கதை நிற்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குக் கோபம். “அப்ப எலன் என்ன ஆனா?” “அவட கதைய யாரு சொல்றது?” காப்பாற்றியவளின் கதையைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது படகின் மற்றப் பக்கத்தில்.

‘த லாங் விண்டர்’ பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. பனியையே பார்க்காத பிள்ளைகளுக்கு ஏழு மாதப் பனிக்காலம் எப்படிப் பிடிபடும்? ஆனால் பசி பிடிபட்டது. 1880–81 பனிக்காலம், அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் ஒரு சின்ன ஊர், அங்கே லாரா என்ற சிறுமியின் குடும்பம். ரயில் நின்றுவிடுகிறது, கடையில் மா முடிந்துவிடுகிறது, நிலக்கரி முடிந்துவிடுகிறது. காய்ந்த புல்லை முறுக்கி விறகாக எரிக்கிறார்கள். ஒரு துணியைப் பொத்தானில் சுற்றி, வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கொழுப்பில் வைத்து விளக்கு கொளுத்துகிறாள் தாய். கோதுமை மணியைக் கோப்பி அரைக்கும் சின்ன மெஷினில் போட்டு, குடும்பமே மாறி மாறி நாள் முழுக்கச் சுற்றுகிறது. மெஷின் ஒரு தடவைக்குப் பிடிப்பது ஒரு கைப்பிடிதான். சுற்றி முடித்தால் அன்றைய ரொட்டி.

ரொட்டி என்றதும் மண்டபம் கலகலத்துவிட்டது. காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி, அதே சம்பல் என்கிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். அடுத்த வாரம் ஒருவன் அப்பாயியிடம் கேட்டுக்கொண்டு வந்தான்: “மா கெடைக்காத காலம் இங்கயும் இருந்துச்சாம். மரவள்ளியும் பலாக்காயும்தானாம்.” அவன் சொன்னது 1973–74 பஞ்சம். தோட்டங்களில் பசியால் சாவு கூடிய வருஷங்கள் அவை. எங்கள் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றை, எங்கோ இருக்கும் டகோட்டாவின் கோப்பி மெஷின் வெளியே இழுத்துப் போட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இந்தப் புத்தகத்தில் கஷ்டம் வானத்திலிருந்து வருகிறது. புயல் அடிக்கும், பொறுத்திரு. மறுபடி அடிக்கும், மறுபடி பொறுத்திரு. பெரியவர்களுக்கு இதில் பிடிப்பது அந்தப் பொறுமைதான். நான் கேட்டவரை, பெரியவர்கள் இந்த மாதிரிப் புத்தகத்தை மெச்சும்போது வாயில் முதலில் வரும் சொல் ‘மனவுறுதி’. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் வேறு. இரண்டு இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தூரத்துப் பண்ணையிலிருந்து கோதுமை கொண்டு வருகிறார்கள். காசு போட்ட கடைக்காரர், புஷல் (தானியம் அளக்கும் ஒரு அளவு) 1 டொலர் 25 சதத்துக்கு வந்ததை 3 டொலருக்கு விற்கப் பார்க்கிறார். ஊர் கடைமுன்னால் கூடுகிறது. பனிக்காலம் என்றைக்கும் இருக்காது, பிறகு உன் கடைக்கு யார் வருவார் என்று பக்குவமாகக் கேட்கிறார் லாராவின் அப்பா. கடைக்காரர் இறங்கி வந்து, வாங்கிய விலைக்கே கொடுக்கிறார். அந்தப் பகுதிக்குத்தான் கைதட்டல். “அடிக்காமலே மடக்கிட்டாரு!” என்றான் ஒருவன். முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தில் அது ஒரு சின்னப் பகுதி.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தச் சமவெளி காலி நிலமாக இருந்ததுபோல் கதை பேசுகிறது. அங்கே முன்பு வாழ்ந்த ஆதிக்குடிகள் வந்தால் எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போகும் கிழவராக வருவார், அவ்வளவுதான். வைல்டரின் புத்தகங்களில் அம்மக்களைக் காட்டும் விதம் பற்றி எழுந்த கேள்விகளால் 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, அவர் பெயரில் கொடுத்து வந்த விருதின் பெயரையே மாற்றியது. இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வேறு நான்கு ஞாயிறு தேவை.

அப்புறம் ‘எஸ்பெரான்சா ரைசிங்’.

கதை 1930ஐச் சுற்றி நடக்கிறது. மெக்சிகோவில் பெரிய பண்ணை முதலாளியின் ஒரே மகள் எஸ்பெரான்சா. பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு முதல் நாள் அப்பா கொல்லப்படுகிறார், வீடு எரிகிறது, தாயும் மகளும் வேலைக்காரக் குடும்பத்தோடு ரயிலேறிக் கலிபோர்னியாவுக்குப் போய் ஒரு தோட்ட முகாமில் கூலிகளாகிறார்கள். நூலாசிரியரின் சொந்தப் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை.

ரயில் காட்சியை வாசித்தபோதே தெரிந்தது, இது வேறு மாதிரிப் போகும் என்று. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் காலில் செருப்பில்லாத ஒரு சின்னப் பிள்ளை, எஸ்பெரான்சாவின் பீங்கான் பொம்மையைத் தொடக் கை நீட்டுகிறது. எஸ்பெரான்சா வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். தாய் அவளைக் கடிந்துவிட்டு, கைவசம் இருந்த நூலில் ஒரு பொம்மை செய்து அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். மண்டபத்தில் எஸ்பெரான்சாவுக்கு ஒரு ஆதரவும் இல்லை. “சரியான தொரை மக” என்றாள் ஒருத்தி, தோட்டத்து அதிகாரியின் மகள் என்று. இன்னொருத்தி கேட்டது ரயிலைப் பற்றி: “இது ஒப்பாரிக் கோச்சி மாதிரியா அக்கா?” அந்தச் சொல் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மாயி சொல்லியிருக்கிறார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்த பிறகு, மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயில்களுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. கோச்சிக்குள்ளேயும் அழுகை, மேடையிலும் அழுகை. அம்மாயியின் அக்கா அப்படிப் போனவராம். போய்ச் சேர்ந்தது நீலகிரியில், திரும்பவும் தேயிலைக்குள்.

முகாமுக்கு வந்து சேரும் பகுதி இன்னும் நெருக்கம். நீளமாக, வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டிய மரக் குடில்கள். ஒரு சின்ன இடத்துக்குள் இரண்டு குடும்பம். குதிரைகள் போல வாழ்கிறோமே என்று தாயிடம் கத்துகிறாள் எஸ்பெரான்சா. நான் விளக்கம் சொல்ல வாய் திறக்கவில்லை. “லயம்!” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு எங்கள் பெயர் அது. விளக்குமாறு பிடிக்கத் தெரியாமல் அவள் கூட்டுவதைப் பார்த்து முகாமே சிரிக்கும் காட்சிக்கு எங்கள் பிள்ளைகளும் சிரித்தார்கள். கைக்குழந்தைகளுக்குப் பச்சைப் பிளம்ஸ் கொடுத்து வயிற்றாலே போக வைத்துவிட்டு, சோறு வடித்த தண்ணீரைக் கொடுத்து நிறுத்தும் இடத்தில், “கஞ்சித் தண்ணி குடுக்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கே” என்று முதல் தடவையாக அவளுக்கு மதிப்பெண் கிடைத்தது.

பிறகு வந்தது நான் கொப்பியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கும் வரி. தரம் 9 பையன், வழக்கமாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பவன்: “அவ தொரை வீட்டுல இருந்து லயத்துக்கு வந்தா, அது கதை. நாங்க மொதல்ல இருந்தே லயத்துலதான் இருக்கோம். எங்களுக்கு யாரு கதை எழுதுறது?”

பதில் என்னிடம் இல்லை. இந்த நாவலுக்கு எதிரான வலுவான வாதம் அதுதான் என்று நினைக்கிறேன். கஷ்டத்தைப் பார்க்கும் கண், மேலிருந்து இறங்கி வந்தவளுடைய கண். கூடவே வரும் வேலைக்காரக் குடும்பத்துப் பையன் மிகேலுக்கும் அவன் தாய்க்கும் அந்தக் கஷ்டம் புதிதே இல்லை. ஆனால் நாவல் அவர்களுடையது ஆகவில்லை. இருந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது மூன்றில் எது?

வேலைநிறுத்தப் பகுதிக்கு வருகிறேன். நான் தெரிவு செய்யக் காரணமே அதுதான். மார்த்தா என்ற பெண் கூலிக்காகவும் நல்ல இருப்பிடத்துக்காகவும் தொழிலாளர்களைத் திரட்டுகிறாள். எஸ்பெரான்சாவின் தாய்க்குக் கடும் நோய், பாட்டியை அழைத்துவரக் காசு சேர்க்க வேண்டும். அதனால் எஸ்பெரான்சா வேலைநிறுத்தத்தில் சேராமல் வேலைக்குப் போகிறாள். ஒருநாள் குடிவரவு அதிகாரிகள் பஸ்களோடு வந்து, வேலைநிறுத்தத்தில் நின்றவர்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அங்கேயே பிறந்து குடியுரிமை உள்ளவர்களும் அதில் அகப்படுகிறார்கள். மார்த்தா வேலைக் கொட்டகைக்குள் ஒளிந்திருக்க, எஸ்பெரான்சா அவளுக்கு ஒரு ஏப்ரனையும் ஒரு கட்டு அஸ்பராகஸையும் கொடுத்து, வேலைக்காரி போல வெளியே அனுப்புகிறாள். கற்பனை என்று ஒதுக்க முடியாது. அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் லட்சக்கணக்கான மெக்சிக்கோ வம்சாவளியினர் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறந்த இடத்தில் குடியுரிமை செல்லாமல் போவது பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான சுமார் ஏழு லட்சம் பேரில் இவர்களுடைய பூட்டன் பூட்டியும் இருந்தார்கள்.

அன்றைக்கு மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. எஸ்பெரான்சா செய்தது சரி, அம்மாவுக்கு மருந்து யார் கொடுப்பது என்று ஒரு பக்கம். எல்லாரும் அப்படி நினைத்தால் சம்பளம் எப்போது கூடும் என்று மறுபக்கம். நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்ட போராட்டத்தில் ரோட்டில் உட்கார்ந்த தாய்மார்களின் பிள்ளைகள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: “எங்கம்மா ரோட்டுலயும் ஒக்காந்தாங்க, மறுநாள் பெரட்டுக்கும் போனாங்க. ரெண்டும்தான்.” பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம். முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன் பற்றி நான் சொன்னது அன்றுதான். 1940 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்தவர். பாடப்புத்தகத்தில் தேடிப் பார்க்கிறேன் என்றான் பின்னால் சாய்ந்து உட்காரும் பையன்.

ஆகவே என் முடிவு எஸ்பெரான்சா. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருநூறு வருஷமாக எங்கள் ஆட்களை மெச்சும் வாயெல்லாம் ‘பொறுமைசாலிகள், உழைப்பாளிகள்’ என்றுதான் மெச்சியிருக்கிறது. பொறுத்தவளைப் பாராட்டுவதோடு நிற்கும் ஒரு புத்தகத்தை அதன்மேல் இன்னொன்றாகத் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை. யாருடைய கையிலிருந்து இந்தக் கஷ்டம் வருகிறது என்று பிள்ளை கேட்கும் இடம் ஒன்றாவது புத்தகத்துக்குள் வேண்டும். வைல்டரிடம் அது ஒரு கடை வாசலில் மட்டும் இருக்கிறது. லோரியிடம் பதில் முதல் பக்கத்திலேயே சீருடை போட்டு நிற்கிறது, கேட்க எதுவும் மிச்சமில்லை. ராயனிடம் அது கலங்கலாக இருக்கிறது. மார்த்தாவா எஸ்பெரான்சாவா என்று நாவல் முழுசாகத் தீர்ப்புச் சொல்வதில்லை, சாய்வென்று பார்த்தால் எஸ்பெரான்சாவின் பக்கமே கொஞ்சம் கூட. சண்டை பிடிக்க அந்தக் கலங்கல் போதும்.

உங்கள் வட்டத்தில் நிலைமை வேறாக இருந்தால் நான் சொல்வதும் வேறு. நாலைந்து ஞாயிறுதான் கைவசம் இருக்கிறது, பிள்ளைகளும் தரம் 5, 6 என்றால் யோசிக்காமல் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ எடுங்கள். ஆன்மரீயை ஒதுக்கிவிட்டு எலனின் பக்கத்திலிருந்து ஒரு அத்தியாயத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். ‘த லாங் விண்டர்’ முழுசாக வேண்டாம். கோப்பி மெஷினும் கடை வாசலும் வரும் பகுதிகளைத் தனிக் கதைகளாகச் சொல்லிவிட்டு, வீட்டில் எழுபத்து மூன்று பஞ்சத்தைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

எஸ்பெரான்சாவில் அத்தியாயங்களுக்குத் திராட்சை, வெங்காயம், உருளைக்கிழங்கு என்று பழமும் காய்கறியும்தான் பெயர். விளைச்சலோடு நகரும் கதை. நாங்கள் அந்தப் பெயர்களை விட்டுவிட்டு லீக்ஸ், கரட், பேரிக்காய் என்று எங்கள் தோட்டத்துப் பெயராக வைக்கப் போகிறோம். ஒரு அத்தியாயத்துக்குக் கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) என்று பெயர் வைத்தே தீர வேண்டுமாம்.

இன்னொரு வேலையும் பாக்கி. எஸ்பெரான்சாவின் பாட்டி ஒரு போர்வை பின்னுகிறாள், மலையும் பள்ளமுமாக: மலை ஏறப் பத்துத் தையல், உச்சியில் ஒன்று கூட்டு, பள்ளத்துக்கு இறங்க ஒன்பது, அடியில் ஒன்றை விடு. “ஏறப் பத்து, இறங்க ஒம்பதா? எங்க மலையில எறங்கத்தான் முழங்கால் போவுது” என்றாள் ஒருத்தி. அவள் அப்பாயிக்குக் குல்லா பின்னத் தெரியும்; மண்டபத்துக்கு வந்து சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பளி நூல் வாங்கக் காசில்லை. போன ஞாயிறு நான்கு பிள்ளைகள் கிழிந்த ஸ்வெட்டர்களைக் கொண்டு வந்தார்கள். இப்போது பிரித்து உருட்டிக்கொண்டிருக்கிறோம், சாம்பல் நிறம்தான் அதிகம்.